ரோமத்துக்குள் கைவிட்டுப் பாருங்கள்

ரிட்ஸ்வில் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் சின்ன ஊர். ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை இரவு, அங்கே ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். சியாட்டிலிலிருந்து ஒரு நாய் வந்துகொண்டிருந்தது. எலன்ஸ்பர்க் வரை ஒருவர் ஓட்டிவந்து இன்னொருவரிடம் ஒப்படைப்பார். அவர் ரிட்ஸ்வில் வரை கொண்டுவருவார். அங்கிருந்து ஸ்போகேனில் உள்ள என் வீடு வரை நான். கைவிடப்படும் கோலி நாய்கள் இப்படித்தான் கைமாறிக் கைமாறி வரும். யாருக்கும் சம்பளம் கிடையாது, பெட்ரோலும் அவரவர் செலவு.

கதவைத் திறந்ததும் எட்டு வயது ஆண் நாய் ஒன்று நிதானமாக இறங்கியது. ஏங்கஸ் என்று பெயர். தேன் நிற உடம்பு, வெள்ளைக் கழுத்து, நீண்ட மூக்கு. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் நன்றாகத் தின்று வளர்ந்த நாய் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு முதுகில் கை வைத்தேன். விரல்கள் ரோமத்துக்குள் நாலு அங்குலம் இறங்கிய பிறகுதான் உடம்பு தட்டுப்பட்டது. கரும்பைத் தடவினால் கணு கணுவாக வருமே, அப்படி வந்தது முதுகெலும்பு. மறுநாள் கால்நடை மருத்துவமனைத் தராசில் 21 கிலோ. அவன் உயரத்துக்கு 29 கிலோவாவது இருந்திருக்க வேண்டும்.

கோலியைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. பட்டினியை, புண்ணை, கட்டியை, உண்ணியை எல்லாம் அந்த ரோமம் மூடிவிடும். ரோமத்துக்கும் கீழே, ரத்தத்திலேயே இருக்கிற ஆபத்து ஒன்று உண்டு. அது இன்னும் பெரிது.

நான் பாளையங்கோட்டைக்காரி. பி.ஃபார்ம் படித்தவள். கணவரின் வேலைக்காக ஸ்போகேன் வந்து, இங்கே தேர்வுகள் எழுதி, ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். கோலிகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரித்து, தத்துக் கொடுக்கும் குழுவில் பத்து வருடங்களாக இருக்கிறேன். மருந்து படித்தவள் என்பதால்தான் இந்த நாய் இனத்தின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்து மலைகளிலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஆடு மேய்ப்பவர்களோடு திரிந்த நாய் கோலி. 1860-களில் விக்டோரியா அரசி பால்மோரல் மாளிகையில் கோலிகளை வளர்க்கத் தொடங்கியதும் அதன் தலையெழுத்து மாறியது. மேய்ச்சல் நாய் கண்காட்சி மேடைக்கு ஏறியது. நீளமான ரோமம் உள்ள வகை, குட்டை ரோமம் உள்ள வகை என்று இரண்டு உண்டு. நம்மூர்க்காரர்கள் சினிமாவில் பார்த்திருப்பது நீள ரோமக்காரனை.

எரிக் நைட் எழுதிய லாஸி கதை 1938-இல் பத்திரிகையில் வந்து, 1940-இல் நாவலாகி, 1943-இல் திரைப்படம் ஆயிற்று. 1954 முதல் சுமார் இருபது வருடங்கள் தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. அந்தப் படத்தில் லாஸியாக நடித்த பால் என்ற நாயைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. லாஸி பெண், பால் ஆண். அதைவிட முக்கியமாக, பால் கைவிடப்பட்ட நாய். ஓயாமல் குரைக்கிறது, மோட்டார் சைக்கிளைத் துரத்துகிறது என்று அதன் சொந்தக்காரர் ரட் வெதர்வாக்ஸ் என்ற பயிற்சியாளரிடம் கொண்டுவந்து விட்டார். பயிற்சிக்கூலி கொடுக்காமல், நாயையே எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். உலகம் கொண்டாடிய முதல் லாஸி, 'எங்களால் வைத்துக்கொள்ள முடியாது' என்று ஒருவர் தள்ளிவிட்ட நாய்தான்.

எங்களிடம் வரும் நாய்களுக்குச் சொல்லப்படும் காரணங்களும் அவைதான். குரைக்கிறது, முடி கொட்டுகிறது. கோலி குரைக்கத்தான் செய்யும். பனிமூட்டத்தில் மேய்ப்பருக்குக் குரல் கொடுக்கப் பழகிய சாதி அது. ஆனால் என் அனுபவத்தில் அதிகம் வருவது வேறொரு காரணம். சின்ன வயதில் லாஸி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஆசை ஆசையாக ஒரு கோலி வாங்கியிருப்பார்கள். ஒரு நாள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும். முதியோர் இல்லத்துக்குப் போவார்கள். அங்கே நாயைச் சேர்க்க மாட்டார்கள். ஏங்கஸ் அப்படித்தான் வந்தான். அவனை வளர்த்த பெரியவர் இல்லத்துக்குப் போனபின் ஏழு மாதம் கொல்லையில் கட்டிக் கிடந்திருக்கிறான். சோறு வைத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ரோமத்துக்குள் யாரும் கைவிட்டுப் பார்க்கவில்லை.

அவன் வந்த சமயம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஏங்கஸின் காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் அக்குளிலும், பின்தொடையிலும் சடை பிடித்து, தேங்காய் நார்க் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. மழிக்கிற மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது என்பது நான் இங்கே வந்து கற்ற முதல் பாடம். கோலிக்கு இரண்டு அடுக்கு ரோமம். வெளியே முரட்டு இழை, உள்ளே பஞ்சு. வெயிலையும் குளிரையும் அதுதான் மறிக்கிறது. ஒட்ட வெட்டினால் தோல் வெயிலில் வெந்துபோகும். திரும்ப வளரும்போது அடுக்கு குலைந்து பஞ்சு மட்டும் வளர்ந்து நிற்கவும் கூடும். சடை இருக்கும்போது குளிப்பாட்டவும் கூடாது. தண்ணீர் பட்டால் இன்னும் இறுகும்.

அடுக்களைத் தரையில் பழைய போர்வையை விரித்து அவனைப் படுக்கவைத்து, சடையில் சோளமாவைத் தூவி, சீப்பைப் போட்டு இழுத்தேன். அவன் கத்தவில்லை, கையை நக்கினான். அம்மா நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், பொறுக்கமுடியாமல் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, அடியில இருந்தா இழுப்பாவ? வலிக்காதா அதுக்கு? நுனியப் பிடி. உனக்குப் பேன் சீப்புப் போடும்போது நான் எப்படி எடுத்தேன்?"

ஒரு கையால் வேர்ப்பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். தோல் இழுபடவே இல்லை. இங்கே நாய்முடி சீவுவதைத் தொழிலாகச் செய்பவர்கள் சொல்லித்தரும் முறையும் அட்சரம் பிசகாமல் அதுதான். மூன்று நாள் ஆயிற்று. ஒரு பெரிய குப்பைப் பை நிறைந்தது. தொடையில் இருந்த கடைசிச் சடை பிரிந்தபோது அடியில் தோல் ஈரமாய், சிவந்து, ஊறிப்போய் இருந்தது. அதற்குள் ஒரு புல்முள் புதைந்திருந்தது. இந்த வட்டாரத்தில் கோடையில் காய்ந்து நிற்கும் புல்லின் கதிர்முள் அது. பாதத்திலோ காதிலோ ஏறினால் முன்னோக்கியே போகும், பின்னால் வராது. ஏழு மாத வலி அந்த ஒரு முள்ளில் இருந்திருக்கிறது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி, மருந்து.

மேகி என்பது கறுப்பு, வெள்ளை, செம்பழுப்பு என மூன்று நிறம் கொண்ட பெண் கோலி. குதிரை வளர்க்கும் பண்ணையில் இருந்தாள். குதிரைக்குப் பூச்சி மருந்து கொடுக்கும்போது பசை கொஞ்சம் தரையில் சிந்தியது, அவள் நக்கிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் கால் பின்னியது. எச்சில் ஒழுகியது. ராத்திரிக்குள் எழுந்து நிற்க முடியவில்லை. நான் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தபோது பக்கவாட்டில் கிடந்தாள். கண்மணி இரண்டும் காசு மாதிரி விரிந்திருந்தன. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. பார்வை போயிருந்தது.

அந்தப் பசையில் இருந்தது ஐவர்மெக்டின். மருந்து படித்தவர்களுக்கு அது வணக்கத்துக்குரிய பெயர். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிறந்த மருந்து. ஆப்பிரிக்காவில் ஆற்றோரக் குருட்டு நோயிலிருந்து கோடிக்கணக்கான பேரைக் காத்தது. அதற்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்ப்பெலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதர்களுக்குப் பார்வையைக் காப்பாற்றிய அதே மருந்து மேகியின் பார்வையைப் பறித்தது ஏன்?

விடை எங்கள் ஊரிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி, புல்மன் என்ற ஊரில் கிடைத்தது. அங்குள்ள வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கத்ரீனா மீலி என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2001-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள ரத்தக்குழாய்ச் சுவரில் பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் இருக்கிறது. வீட்டுக்குள் புகும் மழைத்தண்ணீரை மோட்டார் போட்டு வெளியே இறைப்பது போல, மூளைக்குள் நுழையப் பார்க்கும் மருந்தை அது திரும்ப ரத்தத்துக்கே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தப் புரதத்தைச் செய்யச்சொல்லும் மரபணுவுக்கு எம்.டி.ஆர்.1 என்று பெயர். பல கோலிகளுக்கு அந்த மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. நான்கு எழுத்து போனதில் மோட்டாரே இல்லை. மருந்து மூளைக்குள் ஏறி அங்கேயே தேங்குகிறது.

அமெரிக்கக் கோலிகளில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்தக் குறை, தாய் தந்தை இருவரில் ஒருவர் வழியாகவாவது வந்திருக்கிறது. இருவர் வழியாகவும் வந்தால் ஆபத்து மிக அதிகம். ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லாந்து ஷீப்டாக் முதலிய இனங்களிலும் உண்டு. எல்லாம் பிரிட்டனில் இந்த இனங்கள் பிரிவதற்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதை நாயிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

அளவுதான் இதில் எல்லாம். இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒரு முறை கொடுக்கும் மாத்திரையில் ஐவர்மெக்டின் இருந்தாலும் கோலிக்குக் கொடுக்கலாம்; ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம்தான். சொறிக்குக் கொடுக்கும் அளவு அதைப்போல ஐம்பது மடங்கும் அதற்கு மேலும். ஒரு குதிரைக்கான பசைக் குழாயில் சுமார் 113 மில்லிகிராம் இருக்கும். 25 கிலோ கோலியின் மாதாந்தர அளவு 0.15 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள், எழுநூறு மடங்குக்கும் மேல். அதில் ஒரு பட்டாணி அளவு சிந்தினால் போதும். மருந்து தின்ற குதிரையின் சாணியைத் தின்றுவிட்டுச் சாய்ந்த கோலிகளும் உண்டு.

முறிமருந்து கிடையாது. உடம்பு மருந்தை வெளியேற்றும்வரை நாயை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். ஒன்பதாம் நாள், விழுங்க முடிகிறது என்றதும் மேகியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பேன், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். கண்ணுக்குச் சொட்டு மருந்து. பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் சீப்பை எடுத்தபோது அவள் தலை சீப்பு போன பக்கம் திரும்பியது. இடது பக்கம் கொண்டுபோனேன், திரும்பினாள். வலது பக்கம், திரும்பினாள். கணவரை எழுப்பி, நம்பமுடியாமல் அவரையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி அனுப்பிய சோதனையின் முடிவும் அந்த வாரமே வந்தது: இரு வழியிலும் குறை.

ஐவர்மெக்டின் மட்டும் இல்லை. வயிற்றுப்போக்குக்கு நாமே கடையில் வாங்கும் லோபெரமைடும் இந்த நாய்களுக்கு விஷம். மயக்கம் கொடுக்குமுன் போடும் ஏசிபுரோமசின், பூட்டார்ஃபனால் இரண்டையும் குறைத்துப் போட வேண்டும். புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், டாக்ஸோருபிசின் அளவையும் மாற்ற வேண்டும். வெள்ளைப் பாதம் என்றால் மருந்து கொடுக்காதே என்று இங்கே கால்நடை மாணவர்களுக்கு ஒரு பழமொழியே உண்டு. எங்கள் குழுவுக்கு ஒரு நாய் வந்தால் முதலில் கன்னத்தைத் தடவி அனுப்புவோம்; முடிவு வரும்வரை குறை இருப்பதாகவே வைத்துக்கொள்வோம்.

பெரிய எண்ணிக்கையில் கோலிகளைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு மான்டானாவில் நடந்தது சாட்சி. 2002 அக்டோபர் 31 இரவு, கனடா எல்லையில் ஸ்வீட்கிராஸ் சோதனைச் சாவடியில் ஒரு லாரியை நிறுத்தினார்கள். அலாஸ்காவிலிருந்து அரிசோனாவுக்கு வீடு மாறிப் போய்க்கொண்டிருந்த தம்பதியின் லாரி. உள்ளே சுமார் 170 நாய்கள் அடைபட்டிருந்தன, பெரும்பாலும் கோலிகள். தண்ணீர் இல்லை, தம் அசுத்தத்திலேயே நனைந்து கிடந்தன. பக்கத்து ஊரான ஷெல்பி, மூவாயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். பொருட்காட்சி மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஊர்க்காரர்களும் தொலைவிலிருந்து வந்தவர்களும் முறைபோட்டுக் கழிவை அள்ளினார்கள், சிக்கெடுத்தார்கள், நடக்கக் கூட்டிப்போனார்கள். அந்த இடத்துக்குக் கோலி முகாம் என்றே பெயர் வந்தது. அந்தத் தம்பதிமேல் போட்ட வழக்கில் நாய்கள்தான் சான்றுப்பொருள் என்பதால் தீர்ப்பு வரும்வரை தத்துக் கொடுக்க முடியவில்லை. முதல் விசாரணை தீர்ப்பில்லாமல் முடிந்தது. இரண்டாவதில் குற்றம் உறுதியாகி, 2003 கோடையில்தான் அவை வீடுகளுக்குப் போயின. எங்கள் குழுவின் மூத்த பெண்மணி ஒருவர் அங்கே மூன்று வாரம் இருந்தவர். இருட்டில் தடவியே எது எந்த நாய் என்று சொல்லப் பழகிவிட்டோம் என்பார்.

குட்டி வாங்குகிறவர்கள் கண்ணையும் பார்க்க வேண்டும். கண்ணின் பின்சுவரில் ரத்தக்குழாய்ப் படலம் சரியாக வளராத பிறவிக் குறை கோலிகளில் மிகப் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான நாய்கள் அதோடு ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடும். சிலவற்றுக்கு விழித்திரை பிரிந்து பார்வை போகும். ஆறிலிருந்து எட்டு வார வயதுக்குள் கண் நிபுணரிடம் காட்டினால் தெரிந்துவிடும். அப்புறம் நிறமி வளர்ந்து லேசான குறையை மூடிக்கொள்ளும். இங்கேயும் பாருங்கள், மூடல்தான். நீலப்புள்ளி நிறம் அழகாக இருக்கிறது என்று அதே நிறமுள்ள இரண்டை இணைசேர்த்தால், நாலில் ஒரு பங்குக் குட்டிகள் கிட்டத்தட்ட முழு வெள்ளையாகப் பிறக்கும். அவற்றில் பல செவிடு, பல குருடு. அப்படி ஒரு செவிட்டுக் குட்டியை ஐந்து மாதம் வைத்திருந்தேன். மரத்தரையில் குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் எந்த அறையில் இருந்தாலும் ஓடிவருவாள். அவளைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. தெரிந்தே அந்த இணையைச் சேர்த்தவர்கள்மேல் கோபம் இருக்கிறது, இன்றும்.

அதற்காக எம்.டி.ஆர்.1 குறையுள்ள நாய்களை எல்லாம் இனவிருத்தியிலிருந்து ஒரே நாளில் விலக்கச் சொல்வதும் சரியில்லை. பத்தில் ஏழை விலக்கினால் மிச்ச மூன்றுக்குள்ளேயே உறவு சுருங்கி வேறு நோய்கள் தலையெடுக்கும். சோதித்து, குறையுள்ளதைக் குறையில்லாததோடு சேர்த்து, தலைமுறை தலைமுறையாகக் குறைத்துவர வேண்டும். சோதிக்காமலே விற்பவரிடம் வாங்காதீர்கள் என்பதுதான் நான் கறாராகச் சொல்வது.

மற்றபடி கோலியைப் பேணுவது கஷ்டமில்லை. வாரம் இரண்டு முறை தோல்வரை சீவ வேண்டும். மேலாகச் சீவுவது பிரயோசனமில்லை. மாதம் ஒரு முறை விலாவில் கை வைத்து எலும்பை எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணவே முடியாவிட்டால் தீனியைக் குறைக்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது. வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய் அது, சில மணி நேரத்தில் உயிர் போகும்.

ஏங்கஸ் ஏப்ரலில் 28 கிலோ ஆனான். தத்துக் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள், இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வேலி உயரம், மாடிப்படி, பக்கத்துவீட்டார் குரைப்பைப் பொறுப்பார்களா, உங்களுக்கு ஏதாவது ஆனால் நாய் யாரிடம் போகும், இதெல்லாம் நாங்கள் கேட்பது வழக்கம். கேட்டேன். ஆனால் அந்த அம்மாள் உட்கார்ந்ததும் பேச்சை விட்டுவிட்டு அவன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, தோல்வரை தடவிப் பார்த்தார். அப்போதே எனக்கு மனசு நிம்மதியாகிவிட்டது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கோலிக் குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். திருநெல்வேலி வெயிலில் இரண்டடுக்கு ரோமத்தோடு அந்த ஜீவன் படும்பாட்டை நினைத்து, வேண்டாம் என்றே சொல்கிறேன். கன்னி, சிப்பிப்பாறை நாய்கள் நம் மண்ணில் பிறந்தவை. தெருவிலும் எத்தனையோ குட்டிகள் வீடு தேடி அலைகின்றன. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி நம்மூரில் சர்வசாதாரணம். எம்.டி.ஆர்.1 குறை கோலியோடு நிற்பதில்லை. நம் வீடுகளில் நிறைய இருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் ஒரு சிறு பங்குக்கு உண்டு. உங்கள் நாய் இந்த இனங்களில் ஒன்றோ, அவற்றின் கலப்போ என்றால், ஊசி போடுமுன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டு, நாயின் எடையோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.